சின்னவளிடம் கொடுத்த உறை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் மாமாவும் சுகம். மாமாவுக்குப் படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் படியேறித்தான் போக வேண்டும் என்பது தன் தலையெழுத்து என்று அவரே சிரித்துக்கொள்கிறார். உனக்கு உடம்பு எப்படி? கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

ஒரு விஷயம். ஜன்னல் திரைக்கு அளவு கொடுக்க நேற்று சின்னவளின் தையல் கடைக்குப் போயிருந்தேன். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டே, "தம்பி போறப்ப ஒரு உறை குடுத்துட்டுப் போனான்க்கா. ரொம்ப முக்கியமாம்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். "என்ன உறை?" என்றேன். "அதைத்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னானே" என்று ஊசியில் நூல் கோத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும்.

நீ விடுப்பில் வந்த இருபத்திரண்டு நாளில் என் வீட்டில் ஒன்பது நாள் இருந்தாய், அவள் வீட்டில் பதின்மூன்று. நான் எண்ணவில்லை, மாமாதான் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஒன்பது நாளில் உறையைப் பற்றி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. மூத்தவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பெரியக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஏஜென்ட் ஆபீசில் உன் கடிதம் பதினேழு நாள் தூங்கியிருக்கிறது. நேற்றுத்தான் கரைக்கு வந்தோம். நான் நன்றாக இருக்கிறேன். மாமாவை முழங்காலைக் காட்டச் சொல், சிரித்துக்கொண்டே தள்ளிப்போட வேண்டாம்.

நீ கடிதமாக எழுதியது நல்லதாயிற்று. இந்த விஷயத்தைப் போனில் பேசவே வேண்டாம். பதினொரு வருடச் சேமிப்பை நான் கிரிப்டோவில் வைத்திருக்கிறேன். அதைத் திறக்கிற கருவி கட்டைவிரல் அளவுதான், என் பெட்டியில் இருக்கிறது. அது கடலில் விழுந்தாலும் பணம் போகாது. பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன, வீட்டுச் சாமான் பேர், மிருகத்தின் பேர் மாதிரி சாதாரணச் சொற்கள். வரிசை மாறாமல் அவற்றைப் புதுக் கருவியில் கொடுத்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். மீட்புச் சொற்கள் என்பார்கள். ஆனால் யார் கொடுத்தாலும் வந்துவிடும். திருடன் கொடுத்தாலும்தான். புகார் சொல்ல அங்கே மேனேஜர் கிடையாது. அதனால் அவற்றைப் படம் பிடிக்கக் கூடாது, போனிலோ கம்ப்யூட்டரிலோ தட்டக் கூடாது, கேட்கிறவர் யாராயிருந்தாலும் சொல்லக் கூடாது. தாளில் பேனாவால் எழுதி வைக்கலாம். உறையில் இருப்பது அந்தத் தாள்தான்.

சின்னக்காவிடம் கொடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. கடைசி நாள் அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் இடது காது மந்தமாகிவிட்டது. இன்ஜின் அறைச் சத்தம். இன்னும் இரண்டு வருடம் இதே வேலையில் இருந்தால் அந்தக் காதை மறந்துவிட வேண்டியதுதான், வலது காதும் நிச்சயமில்லை என்கிறார் டாக்டர். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. கரையில் ஒரு கடைசல் பட்டறையில் பங்கு வாங்கப் பேசி வைத்திருக்கிறேன். அந்தப் பணம் இதற்குத்தான்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் காதைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சத்தத்துக்குக் கொடுக்கிற அந்த மூடியைக் கழற்றாமல் போட்டுக்கொள்.

உன் ஏற்பாட்டில் நான் தலையிடவில்லை. ஆனால் சின்னவள் கடையின் பின்னறைக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது, அது உனக்குத் தெரியுமா? உன் பதினொரு வருடம் எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த அறையில்தான், பிஸ்கட் டப்பாவில், பொத்தான்களுக்கு அடியில். "அங்கதான்க்கா பத்திரம். திருடன் பொத்தானையா எடுப்பான்?" என்கிறாள். போன மாதம் கடைச் சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டை உடைத்தவள் இவள்.

நான் பத்தொன்பது வருடமாக மருத்துவமனை ஆவண அறையில் இருக்கிறேன். நாற்பதாயிரம் கோப்பு என் பொறுப்பு. ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒரே தாள் இருந்தால், அந்த வீட்டுக்கு ஒன்று ஆனால் தாளுக்கும் ஆகும். எங்கள் அறையில் முதல் நாள் சேர்கிறவர்களுக்கே இதைச் சொல்லித் தருகிறோம்.

எனக்காகக் கேட்கவில்லை. உனக்குத் தோன்றுகிறபடி செய்.

அன்புடன்,
பெரியக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எங்கள் தூர்வாரும் கப்பலின் குழாயில் கல் அடைத்துப் பத்து நாள் எல்லோரையும் பாடாய்ப் படுத்திவிட்டது, அதனால் தாமதம்.

நீ சொன்னது முழுக்கச் சரி. ஒரே தாள் போதாது, இரண்டாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். நானே யோசித்திருக்க வேண்டும். சின்னக்காவுக்கும் எழுதிவிட்டேன். அவள் கையால் நகல் எழுதி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டு, உறையை ஒட்டி, நேரில் கொண்டுவந்து உன்னிடம் தருவாள். நீ திறக்க வேண்டாம். வைத்திரு, போதும். இரண்டு தாளும் ஒரே மேஜைக்கு வரவும் வேண்டாம்.

இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். இரண்டு அக்கா இருப்பதற்கு இதாவது பயன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமா முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கி, அதைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறார்.

உறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னவள் கொண்டுவந்தாள். சுற்றிலும் மெஷினில் தைத்திருக்கிறாள், நீல நூல். "என்னடி இது, தலையணை உறையா?" என்றேன். "பசை பிரிஞ்சிடும், என் தையல் பிரியாது" என்றாள். அலமாரியின் மேல்தட்டில், வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டிவிட்டேன்.

எங்கள் துறையில் நகல் எடுத்தால் மூலத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டுக் கையெழுத்து வைப்போம். சரிபார்க்காத நகலை நகலாகவே எடுத்துக்கொள்வதில்லை. இதை அவளிடம் சொன்னேன். "உனக்கு எதுக்குக்கா அதெல்லாம்? சும்மா வெச்சிரு. தம்பியும் அதைத்தான சொன்னான்?" என்றாள். மூலம் அவளிடம், நகல் என்னிடம். நகல் சரியா என்று கேட்கிற உரிமையும் அவளிடம். இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பெரியக்கா


மே 2

அக்காவுக்கு,

நானும் பிள்ளைகளும் நல்லா இருக்கோம். நீயும் மாமாவும் அப்படித்தான்னு நினைக்கிறேன்.

மூணு தடவை போன் பண்ணி "நம்பர் சரியா போட்டியா, எதையும் விடலையே"ன்னு கேட்டுட்டே. இதைப் பத்திப் போன்ல பேசக் கூடாதுன்னு தம்பி தலைபாடா அடிச்சுக்கிட்டான், அதான் எழுதறேன். சரியா எழுதினேன். கடை ஷட்டரை இறக்கிட்டு, துணி வெட்டற மேஜையில உட்கார்ந்து எழுதினேன். போதுமா?

அவன் உன்கிட்ட முதல்லயே ஏன் குடுக்கலைன்னு மனசுல வெச்சுக்காதே. நானே கேட்டேன், "பெரியக்காகிட்ட குடுக்கலாமேடா"ன்னு. "அவகிட்ட குடுத்தா தினம் எடுத்து டிக் போட்டுப் பார்ப்பா"ன்னு சிரிச்சான். விளையாட்டுக்குத்தான்.

அவன் காது விஷயம் இப்பத்தான் உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. போன வருஷமே காது டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். நீ பயப்படுவேன்னு சொல்லலை போல.

திரை தைச்சாச்சு. வந்து வாங்கிக்கோ, இல்லைன்னா மாமாவை அனுப்பு.

சின்னவள்


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே வெயில் அதிகம். மாமா பட்டையைக் காலில் போட ஆரம்பித்திருக்கிறார்.

உறை வைத்த இடத்தில் இருக்கிறது.

பொதுவாக ஒன்று கேட்கிறேன், தெரிந்துகொள்ளத்தான். அந்தச் சொற்கள் சரியானவையா என்று வெளியே எங்காவது சரிபார்க்க வழி இருக்கிறதா? அவசரமில்லை. கரைக்கு வரும்போது எழுது.

பெரியக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? நான் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறேன்.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஜூன் 8 கரைக்கு வந்தபோது கருவியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மே 17, சனிக்கிழமை, நம் ஊர் நேரப்படி சாயங்காலம் நாலு பத்துக்கு எல்லாம் ஒரே தடவையில் வெளியே போயிருக்கிறது. யாருக்குப் போனது என்பதற்கு ஒரு நீளமான எண் மட்டும் இருக்கிறது. அந்த எண்ணுக்கு முகம் கிடையாது.

சின்னக்காவுக்குப் போன் பண்ணினேன். கேட்டதுமே அழுதுவிட்டாள். நகல் எழுதிய அன்று அவள் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்ததாம். என் எழுத்து பொடியாக இருந்ததால் தாளைப் போனில் படம் பிடித்து, பெரிதாக்கிப் பார்த்து எழுதினாளாம். உடனே அழித்தும் விட்டாளாம். போனில் அழித்தால் போனில்தான் அழியும். அது தானாக எங்கெங்கே போய்ச் சேர்ந்ததோ. சொற்கள் வெளியே போக வேறு வழியே இல்லை, அந்தப் படம்தான் காரணம்.

அவளைத் திட்டவில்லை. திட்டி என்ன? பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போடுகிறேன், ஆகஸ்ட் 10 கையெழுத்து. காது போகிற வரை போகட்டும்.

அவள் கையில் பத்திரமில்லை என்று நீ ஆரம்பத்திலேயே சொன்னாய், அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மன்னித்துக்கொள். புதிதாக ஒரு கிரிப்டோ கணக்கு தொடங்கியிருக்கிறேன், அதற்குப் புதுச் சொற்கள். இந்தத் தடவை தாள் இல்லை. எவர்சில்வர் தகட்டில் எழுத்துக் குத்தூசி வைத்து நானே அடித்தேன், எழுத்துக்கு ஒரு சுத்தியல் அடி. அதைத் தகரப் பெட்டியில் போட்டுச் சுற்றிலும் பற்றவைத்திருக்கிறேன். எங்கள் இரண்டாவது இன்ஜினியர் விடுப்பில் வருகிறார், உன் கையில் தருவார். உன்னிடம் மட்டும்தான். சின்னக்காவிடம் நகல் கிடையாது, அவளுக்குத் தெரியவும் வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில்: அப்படி வெளியே சரிபார்க்க வழியே இல்லை. சரிபார்த்துத் தருகிறேன் என்று எந்த வெப்சைட்டாவது சொற்களைக் கேட்டால் அது திருடனுடையது. எதையும் செய்வதற்கு முன் கேட்கிற ஆள் நீ ஒருத்திதான்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதமும் பெட்டியும் வந்து சேர்ந்தன. இன்ஜினியர் நல்ல மனிதர். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது நடந்துவிட்டது. சின்னவளை ஒன்றும் சொல்லாதே. அவள் வேண்டுமென்று செய்யவில்லை.

பெட்டி பத்திரமாக இருக்கிறது.

பெரியக்கா


ஜூலை 21

அக்காவுக்கு,

பிள்ளைகள் நல்லா இருக்காங்க. நீ எப்படி இருக்கே? போன் எடுக்கவே மாட்டேங்கறே. கோபம் இருக்கும். இருக்க வேண்டியதுதான்.

ஓரம் அடிக்கிற மெஷினையும் பெரிய மெஷினையும் வித்துடலாம்னு இருக்கேன். வியாழக்கிழமை, 31ஆம் தேதி ஒருத்தர் வந்து பார்க்கறேன்னிருக்கார். தம்பி பணத்துல கால்வாசி கூட வராது, தெரியும். சின்ன மெஷினை வெச்சுக்கிட்டு ரவிக்கை மட்டும் தைச்சுக்கலாம். திரை வேலை இனி வேண்டாம்.

நீ அன்னிக்கே நேர்ல ஒப்பிட்டுப் பார்க்கலாம்னே. நான்தான் பெரிய இவளாட்டம் பேசினேன். கண்ணாடி உடைஞ்சிருக்குன்னு உன்கிட்ட சொல்லியிருந்தா நீயே வந்து எழுதிக் குடுத்திருப்பே. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. தம்பி என்னை நம்பிக் குடுத்தது, நீ வந்து எழுதினா அது உன்னோடது ஆயிடுமேன்னு ஒரு நினைப்பு. அந்த உறையை வெச்சுக்கிட்டு உன் முன்னாடி கொஞ்சம் ஆடத்தான் ஆடினேன். வாழ்க்கையில உன்னை விட்டுட்டு என்கிட்ட குடுத்தது அது ஒண்ணுதான்.

மாமாவைக் கேட்டதா சொல்லு.

சின்னவள்


ஜூலை 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற தகுதி இன்று எனக்கில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பணம் போனது சின்னவளின் போட்டோவால் இல்லை. என்னால்.

மே மாதம் அவள் எழுதிய கடிதத்தில், உறையை என்னிடம் ஏன் கொடுக்கவில்லை என்று நீ சொல்லிச் சிரித்ததையும், போன வருடமே அவளோடு காது டாக்டரிடம் போனதையும் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. என்னிடம் இருப்பது உண்மையான சொற்களா, இல்லை என் வாயை அடைக்க எழுதின பன்னிரண்டு சும்மாச் சொற்களா? நீங்கள் இருவரும் பேசிவைத்து எனக்குப் பொம்மையைக் கொடுத்துவிட்டதாகவே முடிவு கட்டினேன். திறந்து பார்த்தாலும் அது தெரியாதே, சரிபார்த்தால்தானே தெரியும்?

மே 17 எங்களுக்கு அரை நாள். எல்லோரும் போன பிறகு ஆவண அறையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த உறையின் தையலைப் பிரித்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினேன். 'உங்கள் மீட்புச் சொற்களைச் சரிபாருங்கள்' என்று ஒரு பக்கம் வந்தது. பச்சை நிறம், மேலே ஒரு பூட்டுப் படம், கீழே பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு சொல்லாகத் தட்டினேன். தட்டத் தட்டத் தாளில் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டேன். பன்னிரண்டும் முடிந்ததும் 'சரியானவை' என்று வந்தது. மணி நாலு. நீ எழுதிய நாலு பத்துக்கு நான் மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உண்மையானதுதான். என் தம்பி எனக்கும் உண்மையானதைத்தான் கொடுத்திருக்கிறான். வழியில் மாமாவுக்கு ஒரு சட்டை வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்றார். "சும்மா" என்றேன்.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் அப்படி ஒன்று இல்லை.  அன்றுதான் 'பொதுவாக' என்று உன்னைக் கேட்டேன். உன் பதில் வந்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் 'சின்னவளை ஒன்றும் சொல்லாதே' என்று பெருந்தன்மையாக எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு, அதை நீ வைத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. 'உன்னிடம் மட்டும்தான்' என்று நீ எழுதியிருந்த வரியை நான் பலமுறை படித்தேன். பணம் போன துக்கத்துக்கு நடுவிலும் அந்த வரி இனித்தது. சின்னவள் மெஷின்களை விற்கப் போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் அது தொண்டையில் நின்றது. அப்போதும் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆபீஸ் சேமிப்பு நிதியில் என் பணத்தைக் கேட்டு இன்று காலை மனு கொடுத்துவிட்டேன். உன் பணத்தில் பாதி தேறும். மாமாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்கால் பட்டையைக் கழற்றி வைத்தார். பிறகு, "முதல்ல அவனைக் கையெழுத்துப் போடாம நிறுத்து" என்றார். அதனால் கேட்கிறேன். பத்தாம் தேதி கையெழுத்துப் போடாதே. பாதிப் பணத்துக்குப் பட்டறைக்காரர் சின்னப் பங்கு கொடுப்பாரா என்று கேட்டுப் பார். மீதியை நான் வேலையில் இருக்கிற வரை மாதாமாதம் அனுப்புகிறேன். என்னை மன்னிக்காமலேயே நீ இதை வாங்கிக்கொள்ளலாம்.

இன்ஜினியர் இரண்டாம் தேதி கப்பலுக்குத் திரும்புகிறார். இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் இந்தக் கடிதத்தையும் தகரப் பெட்டியையும் கொடுத்துவிடுவேன். பெட்டியை நான் திறக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம், பற்றவைத்த இடத்தைப் பார்த்துக்கொள். இனி அதை யாரிடம் கொடுப்பது என்று நீயே முடிவு செய். நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் சின்னவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் கதவைத் திறந்ததுமே, வாசலில் நின்றபடியே சொல்லிவிட வேண்டும். உள்ளே போனால் நாற்காலியில் கிடக்கிற துணியை எல்லாம் ஒதுக்கி, "உட்காருக்கா" என்பாள். உட்கார்ந்துவிட்டால் எனக்குச் சொல்ல வராது.

பெரியக்கா